அச்சுறுத்தலும் உறுதிமொழியும்

அணுகுண்டு செய்ய முனையும் நாட்டைத் தடுப்பது எப்படி? அச்சுறுத்தினால் அடங்கும் என்பர் சிலர். இனிது பேசினால் இணங்கும் என்பர் வேறு சிலர். இவற்றுள் ஒன்று மட்டும் போதாதென்பதை வட கொரியாவின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1994-இல் யோங்பியோன் அணு உலையிலிருந்து எரிந்த எரிபொருளை வட கொரியா வெளியே எடுத்தது. அதினின்று புளுட்டோனியத்தைப் பிரித்தால் குண்டு செய்யலாம். அமெரிக்கா பொருளாதாரத் தடைக்கு முயன்றது; உலையைத் தாக்கி அழிப்பது பற்றியும் ஆலோசித்தது. தென் கொரியத் தலைநகர் சியோலோ வட கொரியப் பீரங்கிகள் எட்டும் தொலைவில் இருந்தது. இந்நிலையில் ஜூன் மாதம் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங் சென்று கிம் இல் சுங்கைச் சந்தித்தார். பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது.

அக்டோபர் 21-ஆம் நாள் ஜெனீவாவில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. உலையை நிறுத்தவும், கண்காணிப்பாளரை அனுமதிக்கவும் வட கொரியா இசைந்தது. மாற்றாக, மின்சாரத்துக்கென இரு புதிய உலைகளும், அதுவரை ஆண்டுக்கு 5 இலட்சம் டன் எண்ணெயும், அணு ஆயுதத்தால் தாக்கமாட்டோமென்ற உறுதியும் வாக்களிக்கப்பட்டன. ஏறக்குறைய 8 ஆண்டுகள் யோங்பியோன் உலை ஓய்ந்திருந்தது.

பின்னர் அது முறிந்ததேன்? இரு தரப்பிலும் சொல் தவறியது. 2003-இல் முடியவேண்டிய புதிய உலைகளுக்கு 2002 ஆகஸ்டில்தான் முதல் கான்கிரீட் இடப்பட்டது. வட கொரியாவோ யுரேனிய வழியை மறைவில் நாடியது. 2002 டிசம்பரில் எண்ணெய் நின்றது, கண்காணிப்பாளர் வெளியேற்றப்பட்டனர். 2006 அக்டோபர் 9-இல் வட கொரியா முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது.

நிறுத்தாவிடில் துன்புறுவாய் என்பது அச்சுறுத்தல். நிறுத்தினால் துன்புறமாட்டாய் என்பது உறுதிமொழி. பின்னது நம்பத்தகாததாயின் முன்னதும் பயனற்றுப்போம். கீழ்ப்படிந்தாலும் அடி விழுமென்றறிந்த பிள்ளை ஏன் கீழ்ப்படியும்? கண்டிப்பே இல்லையென்றறிந்த பிள்ளையும் திருந்துவதில்லை. லிபியா 2003-இல் தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. 2011-இல் அந்நிய விமானத் தாக்குதல்களின் துணையோடு அதன் ஆட்சி கவிழ்ந்தது. கடாபி கொடுங்கோலரே, எனினும் ஆயுதத்தைக் கைவிட்டதன் விளைவு இதுவென வட கொரியா அவ்வாண்டே சுட்டிக்காட்டியது.

மெய்யான அமைதி ஆயுதங்களின் சமநிலையிலன்று, பரஸ்பர நம்பிக்கையிலேயே நிலைபெறுமென 1963-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் போதித்தார். இந்நம்பிக்கை கண்மூடித்தனமன்று. திறந்த கதவுகளும், நேர்மையான சோதனையும், குறித்த காலத்தில் நிறைவேறும் வாக்கும் அதன் தூண்கள். பகைவனுக்குக் கொடுத்த சொல்லும் சொல்லே என்பதை ஆள்வோர் உணரவேண்டும்.

அன்பர்களே, நம் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை உலகத் தலைவர்களுக்காக ஒப்புக்கொடுப்போம். வாக்குத் தவறாமையை நம் இல்லங்களிலும் நாம் பழகுவோமாக.