கெட்டிக்காரப் பிள்ளைக்கும் துணை வேண்டும்

1979 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த ஜேம்ஸ் டல்லஸ் எக்பர்ட் காணாமல் போனான். கணினியில் அபாரத் திறமை. 16 வயதிலேயே கல்லூரி மாணவன். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுப் பித்துதான் காரணம் என்று பத்திரிகைகள் பரபரத்தன. அவனைத் தேடிய துப்பறிவாளர் வில்லியம் டியர், 1984இல் எழுதிய புத்தகத்தில் அதை மறுத்தார். தனிமையும் மனச்சோர்வும் சாதித்தே தீரவேண்டிய நெருக்கடியுமே அவனை வாட்டியிருந்தன. வீடு திரும்பியும் அவன் மீளவில்லை. 1980இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

அந்த இழப்பைத் தொடர்ந்து, 1981இல் உளவியலாளர் ஜேம்ஸ் வெப் ‘செங்’ அமைப்பைத் தொடங்கினார். அதிதிறன் கொண்ட பிள்ளைகளின் மனநலமே அதன் அக்கறை. பெற்றோரைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசவைப்பது அதன் முக்கியமான வழி. பிள்ளையின் பிடிவாதம், நட்பு, மன அழுத்தம் என்று அங்கே எல்லாம் பேசப்படும்.

அறிவு முந்தும், மனம் பிந்தும்

நியூயார்க்கில் இத்தகைய குழந்தைகளை ஆராய்ந்த லீட்டா ஹாலிங்வொர்த் இந்தச் சிக்கலை முன்பே கண்டிருந்தார். அவரது ஆய்வு நூல், அவர் மறைந்த பின் 1942இல் வெளிவந்தது. அறிவு பல ஆண்டுகள் முன்னே ஓடும். உணர்ச்சியோ வயதுக்கேற்பவே வளரும். மரணம், அநீதி போன்ற பெரிய கேள்விகள் சீக்கிரமே வந்துவிடும். அவற்றைத் தாங்கும் பக்குவம் வந்திராது. மனம்விட்டுப் பேச ஒத்த ரசனையுள்ள நண்பர்களும் அமைவதில்லை.

பத்தாம் வகுப்புவரை சிரமமே அறியாத பிள்ளை, முதல்முறை தடுமாறும்போது தன் திறமை முழுவதும் பொய்யோ என்று கலங்கும். ‘உனக்கா கஷ்டம்?’ என்று நாம் கேட்டுவிட்டால் அதன்பின் வாயே திறக்காது.

ஆலோசகர் என்ன செய்வார்?

மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்து, தூக்கத்தையும் கோபத்தையும் பயத்தையும் பற்றிக் கேட்பார். தோற்றாலும் பாதகமில்லாத புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்கச் சொல்வார். வயது பாராமல் ஒத்த ஆர்வமுள்ளவர்களோடு பழக வழிகாட்டுவார். பெற்றோரிடமும் தனியே பேசுவார்.

நம் பள்ளிகள் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துச் சிறப்பு வகுப்பு நடத்துகின்றன. அந்த அட்டவணையிலேயே மனநல ஆலோசகருக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து ஒதுங்கினாலோ, வாழப் பிடிக்கவில்லை என்றாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கும் இந்த எண்ணை இன்றே சொல்லிவையுங்கள்.