உங்களுக்குத் தெரியுமா? ராக் கச்சேரியில் காசுக்கு மதிப்பு

2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 4 மணி 6 நிமிடம் பாடினார். அப்போது அவருக்கு வயது 62. மூத்த ராக் கலைஞர்களில் கொடுத்த காசுக்குக் குறைவைக்காதவர் என்று பலரும் அவரைத்தான் சொல்வார்கள். ஆனால் நேரம் மட்டும் அளவுகோல் ஆகாது. அவருடைய 2023 அமெரிக்கப் பயணத்தில், கூட்டம் முண்டியடித்தால் விலையும் ஏறும் முறையால் சில இருக்கைகள் 5,000 டாலர் வரை போயின. அதே ஆண்டு அங்கே தி கியூர் குழு 20 டாலருக்கும் டிக்கெட் விற்றது. கச்சேரியோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். என் கணக்கில் மதிப்பு இதுதான்.

விலையைக் குறைத்தால் லாபம், டிக்கெட்டை வாங்கி மறுவிற்பனை செய்பவருக்குத்தானே போகும் என்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அக்குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித், சட்டம் இடம் கொடுத்த மாநிலங்களில் டிக்கெட்டைக் கைமாற்ற முடியாதபடி செய்தார். சிலருக்குச் சேவைக் கட்டணம் டிக்கெட் விலையையே மிஞ்சியபோது பகிரங்கமாகக் கண்டித்தார். அதையடுத்து, டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் மலிவு டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் ரசிகர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.