புரையை எடுத்தால் பார்வை வருமா?

குதிரைக்கும் கண்புரை ஆபரேஷன் உண்டு. மனிதர்களுக்குச் செய்வது போலவே, மீயொலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆனால் 400, 500 கிலோ எடையுள்ள பிராணிக்கு முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். ஆரோக்கியமான குதிரைகளிலேயே நூற்றில் ஒன்று மயக்கத்தில் இறந்துபோகிறது. தெளிந்து எழும்போது தடுமாறிக் காலை முறித்துக்கொள்வதும் உண்டு. அதன் பிறகு வாரக்கணக்கில் சொட்டு மருந்து. தலையை உதறும் குதிரையின் கண்ணில் யார் மருந்து விடுவது? இமைக்குள் மெல்லிய குழாயைச் செருகி, பிடரி மயிரோடு சேர்த்துப் பின்னி, கழுத்தருகிலிருந்து மருந்தைச் செலுத்துகிறார்கள். பிறவிப் புரையுள்ள குட்டிக்கு ஆறு மாதத்துக்குள் செய்தால் நல்ல பலன் கிடைக்கிறது. செயற்கை லென்ஸ் வைக்காவிட்டாலும் இடறாமல் நடக்கும் அளவுக்குப் பார்வை வருகிறது.

மும்பையில் உழைக்கும் குதிரைகளுக்கு இந்த நல்ல செய்தி எட்டுமா என்பதுதான் என் கவலை. வளர்ந்த குதிரையைக் குருடாக்குவதில் முதலிடம், விட்டு விட்டு வரும் உள்கண் அழற்சிக்கு. அதற்கு முக்கியக் காரணம் எலிக்காய்ச்சல் கிருமி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், பின்னாலேயே எலிக்காய்ச்சல் வந்ததையும் தாராவிக்கும் செம்பூருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே தேங்கிய தண்ணீரில்தான் குதிரையும் நிற்கிறது. காய்ச்சல் போய்விடும், மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துக் கண் சிவக்கும். ஒவ்வொரு தடவையும் உள்ளே தழும்பு விழும். வெளியே தெரியும் புரை கடைசியில் வருவது. அதற்குள் விழித்திரையே கெட்டிருக்கலாம். அப்படிப்பட்ட கண்ணில் புரையை எடுத்தும் பெரும்பாலும் பயனில்லை.

2015இல் உயர் நீதிமன்றம் விக்டோரியா குதிரை வண்டிகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டதே, இனி எந்தக் குதிரையைப் பற்றிப் பேச்சு என்று கேட்கலாம். கல்யாண ஊர்வலக் குதிரைகள் இருக்கின்றன. மும்பைக்கு அருகே, மோட்டார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள மாத்தேரான் மலையில் இன்னமும் குதிரை முதுகில் சுமையும் சவாரியும் போகின்றன. பழகிய பாதையில் குருட்டுக் குதிரையும் நடக்கும் என்பது உண்மையே. பேண்டு முழங்கிப் பட்டாசு வெடிக்கும் தெருவில், மாப்பிள்ளையைச் சுமந்தபடி அது மிரண்டால் என்ன ஆகும்?

ஆபரேஷனைவிட அவசரமானது முதல் அறிகுறியைக் கவனிப்பது. கண்ணில் நீர் வடிந்து, இமை பாதி மூடி, வெளிச்சத்துக்குக் கூசினால் தூசி என்று விட்டுவிடாதீர்கள். கையில் கிடைத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் கண்ணில் ஊற்றாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் கண்ணே போய்விடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.