பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி: முதலாம் வகுப்பு

பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத குழந்தைகளுக்கு, அம்மொழியைத் தனிப்பாடமாக மட்டும் கற்பிக்காமல் கணிதம், அறிவியல் போன்ற பாடங்களையும் அதன் வழியே கற்பிக்கும் கனடியப் பள்ளி முறை பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி எனப்படும். 'பிரெஞ்சு இமர்ஷன்' என்பது இதன் வழக்குப் பெயர். மழலையர் வகுப்பிலோ முதலாம் வகுப்பிலோ தொடங்குவது முன்தொடக்க அமிழ்வு ஆகும். பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினருக்கான பிரெஞ்சு மொழிப் பள்ளிகள் இதிலிருந்து வேறுபட்டவை.

தோற்றம்

கியூபெக் மாகாணத்தில் மொண்ட்ரியால் அருகிலுள்ள சென் லம்பேர் நகரின் ஆங்கிலம் பேசும் பெற்றோரே இம்முறைக்கு வித்திட்டனர். பள்ளியில் பல ஆண்டுகள் பிரெஞ்சு படித்தும் பிள்ளைகளால் அண்டை வீட்டாருடன் பேச முடியவில்லை என்பது அவர்களின் குறை. அவர்களது முயற்சியால் 1965இல் முதல் சோதனை வகுப்பு தொடங்கியது. மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட், ரிச்சர்ட் டக்கருடன் இணைந்து அம்மாணவர்களை ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டார். ஆங்கில வாசிப்பில் தொடக்கத்தில் பின்தங்கிய மாணவர்கள், ஆங்கிலப் பாடம் தொடங்கிய பின் மற்றவர்களை எட்டிப்பிடித்தனர் என்பது அதன் முக்கிய முடிவு.

வகுப்பறையில்

முதல் நாள்களில் குழந்தைக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல் இருக்கலாம். எனவே ஆசிரியர் சைகை, படம், பொருள், பாடல் ஆகியவற்றைத் துணைகொண்டு பேசுகிறார். காலை வணக்கம், நாள்காட்டி, வானிலை, வரிசையில் நிற்றல், சிற்றுண்டி ஆகியவை நாள்தோறும் ஒரே ஒழுங்கிலும் ஒரே சொற்களிலும் நடக்கின்றன. அடுத்து நடக்கப்போவது முன்பே தெரிவதால், சொல்லின் பொருளைக் குழந்தை ஊகித்துக்கொள்கிறது.

கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் முதலில் வளர்கிறது. பேச்சு பின்னரே வருகிறது. இதனால் பல வகுப்புகளில் தொடக்கத்தில் குழந்தை ஆங்கிலத்தில் விடை கூறினாலும் ஏற்கப்படுகிறது. ஆசிரியர் அதையே பிரெஞ்சில் திருப்பிச் சொல்கிறார். 'கழிப்பறைக்குப் போகலாமா?' போன்ற தேவையான வாக்கியங்கள் முழுமையாக மனத்தில் பதிகின்றன. பின்னர் அவற்றின் சொற்களை மாற்றிக் குழந்தை புதிய வாக்கியங்களை அமைக்கிறது.

வாசிப்பும் கணிதமும்

வாசிப்புப் பயிற்சி பிரெஞ்சு ஒலிகளிலிருந்து தொடங்குகிறது. பல சொற்களின் இறுதி மெய்யெழுத்து ஒலிப்பதில்லை. சில எழுத்துகள் இணைந்து மூக்கொலியாகின்றன. எனவே ஆங்கில முறையில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக்குவது குழப்பம் தரக்கூடும். எண்களும் பிரெஞ்சிலேயே கற்பிக்கப்படுகின்றன. கனடியப் பிரெஞ்சில் 70 என்பது 'அறுபது-பத்து', 80 என்பது 'நான்கு இருபது', 90 என்பது 'நான்கு இருபது-பத்து'. கணக்குத் தெரிந்த குழந்தையும் எண்ணின் பெயரில் தடுமாறுவது இதனாலேயே.

பெற்றோரின் பங்கு

பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பெற்றோருக்கு அது தெரியாது என்ற கணிப்பிலேயே இம்முறை அமைந்தது. வீட்டு மொழியில் நாள்தோறும் கதை வாசிப்பதும் உரையாடுவதும் பெரிதும் உதவும். ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறனும் கருத்தறிவும் மற்றொரு மொழிக்கும் பயன்படும் என்பது மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸின் கருத்து. ரொறன்ரோ பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பிரெஞ்சு பெரும்பாலும் குழந்தையின் மூன்றாம் மொழியாகிறது. அங்கு தமிழில் பேசுவதையும் கதை சொல்வதையும் நிறுத்துவது பிரெஞ்சுக்கு உதவுவதில்லை. தமிழ் மட்டுமே இழப்பாகும்.

ஆங்கிலப் பாடம் தொடங்கும் வகுப்பு பள்ளிச் சபைக்கேற்ப வேறுபடுகிறது. பல இடங்களில் அது மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பாகும். அதுவரை ஆங்கில எழுத்துக்கூட்டலில் பிழைகள் தோன்றுவது இயல்பே. ஆனால் சொற்களின் ஒலிகளைப் பிரித்தறிவதில் நீடிக்கும் சிரமம் எம்மொழியிலும் கவனிக்க வேண்டியது. 'பிரெஞ்சு புதிது' என்று அதைத் தள்ளிப்போடாமல் ஆசிரியரிடம் ஆலோசிப்பது நன்று.

பயனும் விமர்சனமும்

ஒன்ராறியோவில் அமிழ்வு மாணவர் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் குறைந்தது 3,800 மணிநேரம் பிரெஞ்சு வழியில் பயில வேண்டும். தனிப்பாடமாகப் படிப்போருக்கு அது 600 மணிநேரம். அமிழ்வு மாணவர்கள் கேட்டலிலும் வாசிப்பிலும் உயர்ந்த திறன் பெறுகின்றனர். எனினும் பேச்சிலும் எழுத்திலும் பெயர்ச்சொற்களின் பால் வேறுபாடு போன்ற இலக்கணப் பிழைகள் நீடிக்கின்றன.

கற்றல் சிரமம் உள்ள குழந்தைகளை ஆங்கில வகுப்புக்கு மாற்றுமாறு அறிவுறுத்தும் வழக்கம், மாணவரைத் தரம் பிரிப்பதாக விமர்சிக்கப்படுகிறது. சிரமத்தின் காரணம் மொழி அல்ல எனில், வகுப்பை மாற்றுவதால் மட்டும் அது தீராது. மாற்றத்துக்கு முன், தேவையான துணை அக்குழந்தைக்கு அமிழ்வு வகுப்பிலேயே கிடைக்குமா என்று பெற்றோர் கேட்டறிவது பயன்தரும்.