வர்த்தக நிலையங்களின் பூங்காக்களும் குடாநாட்டின் கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 2009 ஆம் ஆண்டு போர் முடிவுற்றதன் பின்னர் உல்லாச விடுதிகள், திருமண மண்டபங்கள், வங்கிக் கிளைகள், தனியார் வைத்தியசாலைகள், பல்பொருள் அங்காடிகள் எனப் பல வர்த்தகக் கட்டடங்கள் எழுந்துள்ளன. இத்தகைய கட்டடங்களின் முகப்பினைப் புற்றரையும் பூஞ்செடிகளும் அலங்கரிப்பது வழமையாகிவிட்டது. பசுமை வரவேற்கத்தக்கதே. எனினும், அப்பசுமையைக் கோடை முழுவதும் பேணுவதற்கான நீர் எங்கிருந்து வருகின்றது, அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்பன குறித்து நாம் சிந்திப்பது குறைவு.

வற்றாத ஆறு எதுவும் குடாநாட்டில் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறே இங்குள்ள ஒரே ஆறு எனலாம். ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே கிடைத்துவிடுகின்றது. நிலத்தின் அடியிலுள்ள சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் சேரும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதே இதற்குக் காரணமாகும். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதி. ஆகவே மேல்மட்டம் சிறிதளவு தாழ்ந்தாலும் உவர்நீர் பன்மடங்கு மேலெழ முற்படும். துலாவினால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே நீரெடுப்புக்கு ஓர் எல்லையாக அமைந்தது. மின்மோட்டார் அந்த எல்லையை அகற்றிவிட்டது. ஒரு வளவில் அளவுமீறி இறைக்கப்படும்போது, அயல் வளவின் குடிநீர்க் கிணறும் சவராகக்கூடும்.

ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் 1 லீற்றராகும். சோளகக் காற்று வீசும் கோடை நாட்களில் புற்றரை நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் வரையான நீரை ஆவியாக இழக்கின்றது. எனவே 1,000 சதுர மீற்றர் புற்றரையொன்றைப் பசுமையாக வைத்திருக்க நாளாந்தம் 4,000 முதல் 5,000 லீற்றர் நீர் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் எனக் கொண்டால், இது ஏறத்தாழ 40 பேரின் வீட்டுத் தேவைக்குப் போதுமானது.

ஆயினும் இச்செலவு நிலைய உரிமையாளரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சொந்தக் கிணற்று நீருக்குக் கட்டணச் சிட்டை வருவதில்லை. ஆழங்குறைந்த கிணற்றிலிருந்து 5,000 லீற்றரை இறைக்க ஓர் அலகு அளவிலான மின்சாரமே போதுமானது. அதே அளவு நன்னீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுப்பதாயின் 15 முதல் 20 அலகு வரை செலவாகும். தாளையடியில் 2024 ஆம் ஆண்டு கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டமை, நிலத்தடி நீரை மட்டும் நம்பியிருக்க முடியாத கட்டத்துக்குக் குடாநாடு வந்துவிட்டதையே உணர்த்துகின்றது. ஒருபுறம் பெரும் செலவில் கடல்நீரைக் குடிநீராக்கிக்கொண்டு, மறுபுறம் கிடைத்தற்கரிய கிணற்று நீரை அலங்காரப் புல்லுக்கு இறைப்பது பொருத்தமற்றதாகும்.

நீர்ச்சிக்கனப் பூங்கா என்னும் கருத்து புதியதன்று. அமெரிக்காவின் டென்வர் நகர நீர்வழங்கல் நிறுவனம் 1981 ஆம் ஆண்டில் இதற்கு ‘ஸெரிஸ்கேப்’ எனப் பெயரிட்டது. திட்டமிடல், மண்ணை வளப்படுத்தல், புற்றரையைக் குறைத்தல், ஏற்ற தாவரங்களைத் தெரிதல், சிக்கனமான நீர்ப்பாசனம், மூடாக்கு, பராமரிப்பு என ஏழு கோட்பாடுகள் இதன்கண் அடங்கும். பாலைநிலத்தில் அமைந்த லாஸ் வேகாஸ் நகரம் உள்ள நெவாடா மாநிலம் 2021 இல் ஒரு சட்டம் இயற்றியது. கொலராடோ ஆற்று நீரைக் கொண்டு வர்த்தக வளவுகளின் பயன்பாடற்ற அலங்காரப் புற்றரைகளுக்குப் பாய்ச்சுவதை நிறுத்துவதற்கு, 2026 ஆம் ஆண்டின் முடிவை அச்சட்டம் எல்லையாக விதித்தது.

மேற்கூறிய ஏழனுள் முதல் ஆறும் பெரும்பாலும் பூங்காவை அமைக்கும்போது செய்யப்படுபவை. ஏழாவதாகிய பராமரிப்பு ஆண்டு முழுவதும் தொடர்வது. அது தவறின் ஏனைய ஆறினாலும் விளைந்த பயன் சில மாதங்களில் அற்றுப்போகும்.

சொட்டு நீர்ப்பாசனத்தை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டு நீர் சுண்ணாம்புச் செறிவுடைய வன்னீர். அதன் படிவு சொட்டுத் துளைகளை அடைத்துவிடுகின்றது. ஒரு பக்கச் செடிகள் வாடுவதைக் கண்ட பணியாளர் அடைப்பை நீக்காது, இறைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிவிடுவார். மறுபக்கத்தில் நீர் வீணாகும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுவதும், மாதம் ஒருமுறை குழாய்களின் முனைகளைத் திறந்து படிவினை வெளியேற்றுவதும் இதனைத் தடுக்கும். மூடாக்கின் கீழ் வெடித்த குழாய் கண்ணுக்குத் தெரியாது. களைகள் ஓரிடத்தில் மட்டும் செழித்து வளர்வதே அதன் அடையாளம்.

தன்னியக்க நேரக்கருவியும் அவ்வாறே. சித்திரை மாதத்துக்கு அமைத்த நேரத்தை மாற்றாது விட்டால், கார்த்திகை அடைமழையிலும் மோட்டார் இயங்கும். பருவந்தோறும் அதனைத் திருத்தியமைக்க வேண்டும். சூரியன் எழுமுன் பாய்ச்சுவதும், நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிக்காது இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதும் வேர்களை ஆழச் செலுத்தும். புதிய மரக்கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடைகளே இடர்மிக்கவை. வேர்விட்ட வேம்புக்கும் பூவரசுக்கும் அதன் பின்னரும் அதேயளவு நீரைப் பாய்ச்சுவது வீண்செலவாகும். மாரி தொடங்கும் ஐப்பசியில் நடுவதன் மூலம் முதற்சில மாதப் பாய்ச்சலை மழையிடமே ஒப்படைக்கலாம்.

பனையோலையையும் இலைகுழைகளையும் தோட்டத்து மண்ணில் தாழ்த்தி ஈரத்தையும் வளத்தையும் காத்தவர்கள் நம் விவசாயிகள். சருகு, தென்னம்பொச்சு, ஓலைத்துண்டுகள் ஆகியவற்றை 5 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினால் மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் வெகுவாகக் குறையும். இவை உக்கிப்போகுமாதலால் ஆண்டுதோறும் புதுப்பித்தல் அவசியம். மக்கள் அமரும் இடத்துக்கு மட்டும் புற்றரையை ஒதுக்கி, அதனையும் ஒட்ட வெட்டாது சற்று உயரமாக விடுவது நன்று. கோடையில் அருகம்புல் பழுப்பேறுவது இயல்பு. மழை கண்டதும் அது மீளத் தளிர்க்கும். பழுப்பினைக் குறையாகக் கருதாத மனநிலை நிலைய நிர்வாகத்துக்கும் வாடிக்கையாளருக்கும் வேண்டும்.

மழைநீரைப் பொறுத்தவரை, 500 சதுர மீற்றர் கூரையொன்றில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் லீற்றர் நீர் விழுகின்றது. 2005 இல் தேசிய மழைநீர்க் கொள்கையும், 2007 இல் நகர்ப்புறக் கட்டடங்களுக்கான சட்டத் திருத்தமும் கொண்டுவரப்பட்டன. எனினும் இலை அடைத்த பீலியும் சேறு நிரம்பிய தொட்டியும் சட்டத்தினால் துப்புரவாவதில்லை. மாரிக்கு முன்னர் அவற்றைச் சுத்தஞ்செய்யும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். கூரை நீரை வடிகட்டி நிலத்துக்குள் செலுத்தலாம். எண்ணெய் படிந்த வாகனத் தரிப்பிட நீரையோ இரசாயன உரம் கலந்த நீரையோ அவ்வாறு செலுத்துதல் ஆகாது. சுண்ணக்கற்பாறை நீரை வடிகட்டாது விரைவாகக் கடத்திவிடும். நைத்திரேற்று மிகுதியும், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமையும் நமக்குப் போதிய எச்சரிக்கைகளாகும்.

இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்த முதலில் வேண்டுவது அளவீடு. மோட்டாரின் வெளிக்குழாயில் ஒரு நீர்மானியைப் பொருத்தி, வாரந்தோறும் அதன் கணக்கினைப் பதிவுசெய்தல் பெருஞ்செலவான காரியமன்று. பூங்காப் பராமரிப்புக்கான ஒப்பந்தங்கள் பசுமையை மட்டும் எதிர்பார்ப்பனவாக இருப்பின், ஒப்பந்தகாரர் நீரைத் தாராளமாகவே பாய்ச்சுவார். மாதமொன்றுக்கு இத்தனை லீற்றர் என்ற உச்ச வரம்பினை ஒப்பந்தத்தில் சேர்த்தால், வடிகட்டி கழுவப்படும், நேரக்கருவியும் திருத்தப்படும். கட்டட அனுமதியினை வழங்கும் உள்ளூராட்சி சபைகள், பெரிய வர்த்தக வளவுகளிடம் இந்நீர்க் கணக்கினைக் கோருவது குறித்தும் ஆராயலாம்.

நிலம் தனியாருக்கு உரித்தாயினும், அதன் கீழுள்ள நன்னீர் வில்லைக்கு வேலியில்லை. தம் வளவில் இறைக்கப்படும் ஒவ்வொரு லீற்றரும் அயலவரின் குடிநீருடன் தொடர்புடையது என்பதனை வர்த்தக நிலையத்தார் உணர்ந்து, எதிர்வரும் கோடைக்கு முன்னரேனும் நீர்மானியைப் பொருத்துவார்களாக.