எஸ்தரின் வாரிசுகள், சோழரின் வாரிசுகள்

சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வில்லியம் ஃபர்குவார் 1774இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கம் பிறந்தவர். இங்கே வருவதற்கு முன்பு மலாக்காவில் நெடுங்காலம் ஆட்சி செய்து ‘ராஜா மலாக்கா’ என்று பேர் வாங்கியவர். அங்கே நோனியோ கிளெமென்ட் என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தினார். ஃபிரெஞ்சு அதிகாரி ஒருவருக்கும் மலாக்காப் பெண்ணுக்கும் பிறந்தவர் நோனியோ. இவர்களுடைய மகள் எஸ்தர், பிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்டை மணந்தார். புது ஊரின் போலிஸ் தலைவராக இருந்த பெர்னார்டுதான், 1824இல் சிங்கப்பூரின் முதல் செய்தித்தாளான ‘சிங்கப்பூர் கிரானிக்கல்’ இதழை நடத்தத் தொடங்கியவர்.

ஃபர்குவார் 1823 கடைசியில் ஊர் திரும்பினார். பெர்னார்டு குடும்பமோ இந்தக் கடல் பகுதியிலேயே கிளை விட்டது. அதில் வந்த தாமஸ் பெர்னார்டு, இன்றைய இந்தோனேசியாவின் மக்காசாரில் பிறந்து, 1906இல் கனடாவில் குடியேறினார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி மார்கரெட். மார்கரெட்டின் மகன், கனடாவின் முன்னாள் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ.

இந்தக் கொடிவழியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஃபர்குவாரிலிருந்து எஸ்தர் வழி. பின்னர் தாமஸின் மகள் வழி, அவருடைய மகள் மார்கரெட் வழி. தந்தைவழிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் கண்ணில் ட்ரூடோவும் ஃபர்குவாரும் உறவினர் என்பது படவே படாது. ஓட்டாவாவின் பிரதமர் நாற்காலிக்கும் மலாக்காப் பெண்மணி ஒருவருக்கும் இடையில் ரத்த உறவு உண்டு என்பதும் தெரியாமலே போயிருக்கும்.

ட்ரூடோவுக்கு ஃபர்குவார் ஏழு தலைமுறை மேலே. ஏழாவது தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் 128 மூதாதையர் இடங்கள் உண்டு. ஆக, ஃபர்குவாரின் பங்கு சராசரியாக 128இல் ஒன்று, அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சராசரி என்றுதான் சொல்ல முடியும். பெற்றோரிடமிருந்து டிஎன்ஏ பொடிப்பொடியாக வருவதில்லை. பெரிய பெரிய துண்டுகளாக வெட்டி, கலைத்து, பாதி மட்டும் பிள்ளைக்குப் போகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலருடைய துண்டுகள் ஒட்டுமொத்தமாக விடுபட்டுவிடும். பத்தாவது தலைமுறையில் 1,024 மூதாதையர் இருந்தால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் டிஎன்ஏ நம் உடலில் துளியும் இருக்காது. கொடிவழியில் பாட்டன்தான், மரபணுவில் அந்நியர்.

குடியேறிகளின் கொடிவழியை இடைக்கால அரசர்கள் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மேலைநாடுகளில் பெரிய ஆர்வம். 1634இல் கப்பலேறி பாஸ்டனுக்கு வந்த ஆன் ஹட்சின்சன், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் வழியில் வந்தவர் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. அமெரிக்க அதிபர்கள் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ்களும் அந்த ஆன் ஹட்சின்சனின் வாரிசுகள். 2016இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில், கிழக்கு லண்டன் உழைப்பாளிக் குடும்பத்து நடிகர் டேனி டயர், தான் மூன்றாம் எட்வர்டின் வாரிசு என்று தெரிந்து திகைத்துப்போனார்.

கணிதம் அறிந்தவர் திகைக்க மாட்டார். ஆயிரம் ஆண்டுகளில் சுமார் நாற்பது தலைமுறை. இரண்டை நாற்பது முறை பெருக்கினால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். அன்றைய உலக மக்கள்தொகையோ சில பத்துக் கோடிகள். அப்படியானால் ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜோசப் சாங் 1999இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். 2013இல் பீட்டர் ரால்ஃப், கிரகாம் கூப் ஆகிய இருவரும் ஐரோப்பியரின் டிஎன்ஏவிலேயே இதற்குச் சான்று கண்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, இன்றுவரை வாரிசு தழைத்த ஐரோப்பியர் எவரும் இன்றைய ஐரோப்பியர் அநேகமாக எல்லோருக்கும் மூதாதையே. ஃபர்குவாருக்கும் பேரரசர் சார்லமேன் பாட்டன்தான். அவர் பிறந்த ஊர்ச் சமையல்காரருக்கும் பாட்டன்தான்.

சிங்கப்பூரின் கதையே ஓர் அரச கொடிவழியில்தான் தொடங்குகிறது. மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் ராஜா சூலன் என்ற மன்னர் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்குகிறார், அங்குள்ள அரசகுமாரியை மணக்கிறார். அவர்களுடைய பிள்ளைகள் பலெம்பாங்கின் புக்கிட் செகுந்தாங் குன்றில் தோன்றுகிறார்கள். அவர்களில் ஒருவரான சாங் நீல உத்தமர்தான் சிங்கபுரத்தை நிறுவியவர். சூலன் என்ற பெயரில் சோழரின் நினைவும், 1025இல் ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின் மீது நடத்திய கடற்படையெடுப்பின் நினைவும் தங்கியிருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரியணைக்கு உரிமை காட்ட எழுதிய கொடிவழி அது. பரிசோதனைக் கூடத்தில் மெய்ப்பிக்கக்கூடிய செய்தியில்லை. ஆனால் இந்தத் தீவின் முதல் அரசனுக்குப் பெருமை தேட, மலாய்ப் புலவர்கள் தமிழகத்துப் பக்கமும் பார்த்தார்கள் என்பதே பெரிய செய்தி.

ஆண்வழி நூல் எவ்வளவு எளிதில் அறும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 1699இல் ஜொகூர் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் கொல்லப்பட, அரியணை தலைமை அமைச்சரான பெண்டாஹாராவின் குடும்பத்துக்குப் போயிற்று. 1819 பிப்ரவரி 6ஆம் நாள் சிங்கப்பூருக்காக பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு ஒப்பந்தம் செய்த சுல்தான் ஹுசேன் அந்தக் குடும்பத்தவர். இங்கிலாந்தில் 2012இல் லெஸ்டர் கார் நிறுத்துமிடத்தின் கீழே தோண்டியெடுத்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் இன்னும் தெளிவாகப் பேசின. மன்னரின் சகோதரியிலிருந்து தாய்–மகள் என்று இறங்கிவந்த வாரிசுகளோடு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பொருந்தியது. தந்தை–மகன் என்று ஏட்டில் இருந்த உறவினரோடு ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. ஏட்டில் எழுதியிருந்த தந்தையரில் குறைந்தது ஒருவர் உண்மையான தந்தை இல்லை.

ஆண்வழி அறுந்து பெண்வழி தழைத்ததைச் சோழரிடமும் காணலாம். 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், ராஜேந்திரனின் மகள் அம்மங்கையின் பிள்ளை. தந்தை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியர். தாய்வழியில் வந்தவர்தான் அதன்பின் சோழப் பேரரசைப் பல பத்தாண்டுகள் கட்டிக் காத்தார்.

அப்படியானால் சிராங்கூன் ரோட்டில் நடக்கும் தமிழர் எல்லோரும் ராஜேந்திரனின் பேரப்பிள்ளைகளா? ஐரோப்பியக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டிய தம்பதியின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இருக்க மாட்டார்கள், ஆறு பேர்தான். அதற்கும் மேலே சாதிச் சுவர். பிரியா மூர்ஜானி குழுவினரின் 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்திய மக்கள் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாகக் கலந்தார்கள். பிறகு அகமணத்துக்குள் ஒடுங்கினார்கள். சுவரில் விரிசல்கள் உண்டு, நாற்பது தலைமுறையில் சிறு விரிசலும் வெகுதூரம் கொண்டுபோகும். ஆகவே சோழக் கிளை பல சமூகங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். சோழர் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று ஒரு சாதி கோரினால், அதற்கு அறிவியலில் இடமில்லை.

ஏடு தேடிப் போகும் தமிழருக்கு இன்னொரு சிக்கல். தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வழியில்லை. பெயர் தொலைந்தாலும் கலப்பின் தடம் தெளிவாக நிற்பது செட்டி மலாக்கா மக்களிடம். மலாக்கா சுல்தானகக் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் உருவாக்கிய சமூகம் இது. வீட்டில் மலாய், கோயிலில் சைவம். சிங்கப்பூரின் கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இவர்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. நோனியோவின் தாயைப் போன்ற உள்ளூர்ப் பெண்கள் இந்தச் சமூகத்துக்கும் மூத்த பாட்டிகள்.

அரச ரத்தத்தைவிட அவசரமான கேள்விகளும் கொடிவழிக்குள் இருக்கின்றன. சிங்கப்பூரர் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியை வாசித்த ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் 1,127 பேர் இந்தியர். கிடைத்த மரபணு வேறுபாடுகளில் பாதிக்கு மேல் அதுவரை எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதவை. அதற்கு முன்பே, 2017இல், தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தவர்கள், 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிலிருந்து பெருகியவை என்றும், அரிய பரம்பரை நோய்கள் அவற்றில் கூடுதலாகத் தென்படக்கூடும் என்றும் காட்டினார்கள். ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவு. சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர்கள் நெடுநேரம் தாமாக மூச்சுவிட முடியாமல் கிடப்பார்கள். மயக்க மருத்துவர் அதை முன்கூட்டியே அறிந்திருந்தால் வேறு மருந்துக்கு மாறிவிடலாம். அதற்கு அவர் கேட்க வேண்டியவை: பாட்டிக்கு எந்த ஊர், தாத்தாவுக்கு அவர் என்ன முறை, வீட்டில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமானதுண்டா.