வெட்டிய புகைப்படங்களில் ஒரு குறும்படம்

நீண்ட சிகிச்சையில் இருப்போர்க்கு மருந்து வேளைகளுக்கு இடையே நேரம் நிறைய உண்டு. உடல்வலுதான் சிறு சிறு அளவாகக் கிடைக்கிறது. அத்தகைய நேரத்துக்குப் பொருந்தும் கைவேலை ஒன்றை இவ்விதழில் அறிமுகம் செய்கிறோம். குடும்பப் புகைப்படங்களைக் கத்தரித்து, மேசைமேல் வைத்து, சிறிதளவு நகர்த்தி நகர்த்திக் கைப்பேசியில் படமெடுத்து உருவாக்கும் அசைபடம் அது.

இது புதிய வித்தை அன்று. தாதாசாகேப் பால்கே தம் முதல் கதைப்படத்தை 1913இல் வெளியிடுமுன், பட்டாணி விதை முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்துக் குறும்படமாக்கினார். பார்வை மங்கி மருத்துவம் பெற்று மீண்டதும் அவர் வாழ்வில் ஏறத்தாழ அக்காலத்தில்தான். அமெரிக்கரான பிராங்க் மௌரிஸ், இதழ்களிலிருந்து வெட்டிய ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு தம் வாழ்க்கையைச் சொன்ன ‘பிராங்க் ஃபிலிம்’, 1973ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் விருது பெற்றது.

தம்மம்பட்டி மரச்சிற்பிகள் பலகையில் கோடு வரைந்த பின்னரே உளியைத் தொடுவர். இங்கும் அதுவே முறை. கதை சிறிதாக இருக்கட்டும்: அப்பா மிதிவண்டியில் சந்தைக்குப் போய்த் திரும்புகிறார் என்பதே போதும். ஒரு தாளில் ஆறு கட்டங்கள் இட்டு, எந்தக் கட்டம் எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 12 படங்கள் என்றால் 10 நொடிக்கு 120 படங்கள். ஓர் அமர்வில் 10 எடுத்தால் 12 அமர்வுகளில் முடியும். களைப்பான நாளில் விட்டுவிடலாம், வேலை கெட்டுப்போகாது.

மூலப் புகைப்படத்தில் கத்தரிக்கோல் படவே கூடாது. ஜெராக்ஸ் கடையில் வண்ண நகல் எடுத்து, பழைய நாட்காட்டி அட்டையில் ஒட்டி, தலை, உடல், கை, கால் எனத் தனித்தனியே வெட்டுங்கள். மூட்டுகளைத் தோல்பாவைபோல் நூல் கோத்துப் பின்புறம் முடிச்சிடலாம். அப்பாவின் வலக்கை யாருடைய தோளுக்குப் பின்னோ மறைந்திருந்தால் வேறு படத்திலிருந்து ஒரு கை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு பொருந்தாவிட்டால் சிரிப்பு வரும், அவ்வளவே.

கைப்பேசியைக் கீழ்நோக்கி அசையாமல் பொருத்துங்கள். சன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே விளக்கு நல்லது. மின்விசிறி உருவங்களைப் பறக்கவிடும். படமெடுக்கும் சில நிமிடங்கள் நிறுத்திவைக்கவும். அசைவின் தொடக்கத்தில் 2 மில்லிமீட்டர், நடுவில் 5, நிற்கும் தறுவாயில் மீண்டும் 2 என நகர்த்தினால் நடை இயல்பாகத் தோன்றும். ‘ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ’ போன்ற செயலிகள் முந்தைய படத்தை மங்கலாகக் காட்டி உதவும்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், வெட்டும் வேலையைத் துணையிருப்போரிடம் விடவேண்டும். நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோரிடம் பூஞ்சை பிடித்த பழைய ஆல்பங்களைக் கொண்டுவர வேண்டா, நகல் போதும். பிற நோயாளிகளின் முகம் எந்தப் படத்திலும் விழலாகாது.

துணையிருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். யார் கதையில் வரவேண்டும், யார் வரவேண்டா என்பதை நோயாளியே முடிவுசெய்யட்டும். மறைந்தவர் படத்தை எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் வினவாதீர்கள்.

இன்னொன்று: கதையை அவரே சொல்லும் குரலை முதலில் பதிவுசெய்யுங்கள். அசைபடக் கலைஞர்கள் பலர் ஒலிக்கேற்பவே அசைவை அமைக்கின்றனர். படங்களைப் பிறகு யாரும் எடுத்து முடிக்கலாம். அந்தக் குரலை அவர்தான் தரமுடியும். பேசத் தெம்புள்ள காலை நேரமொன்றில், இருமல் வந்தாலும் நிறுத்தாமல், பதிவைத் தொடங்குங்கள்.